ஐம்பது புள்ளி மாமா

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் வீட்டில் யாரிடம் எந்த வேலை சொன்னாலும் "எத்தனை புள்ளி?" என்றுதான் பதில் வரும். மோட்டார் போடச் சொன்னால் எத்தனை புள்ளி, கொடியில் காயும் துணியை எடுக்கச் சொன்னால் எத்தனை புள்ளி. கேட்டுவிட்டு, கேட்ட இடத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். கடைசியில் மோட்டாரை நான்தான் போடுவேன், துணியை நான்தான் எடுப்பேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்தக் கேள்வியை இந்தக் குடும்பத்துக்குள் கொண்டுவந்து விட்டவளே நான்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். எனக்கும் என் கணவர் முரளிக்கும் வீடு திருமுல்லைவாயிலில். அம்மாவும் தங்கை சுமதியும் கொரட்டூரில். அப்பா போனதிலிருந்து இரண்டு வீட்டு வேலையும் என் தலையில்தான். யாரும் கொண்டுவந்து ஏற்றவில்லை, நானாக ஏற்றிக்கொண்டேன். (யாராச்சும் 'நான் பாத்துக்கறேன்'னு வந்தா, 'வேணாம், நீங்க சொதப்பிடுவீங்க'ன்னு பிடுங்கிக்கற ரகம் நான். அப்புறம் 'என்னைத் தவிர இந்த வீட்ல யாருமே இல்ல'ன்னு பாத்திரத்தை டமால்னு வைக்கற ரகமும் நான்தான்.)

அப்பா போய் இரண்டு வருடம் கழித்து சுமதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஒரு டைரி வாங்கி வேலைகளை வரிசையாக எழுதினேன். அறுபத்து நான்கு வந்தது. மண்டபம், சமையல்காரர், பூ, மேளம் எல்லாவற்றுக்கும் அலைந்து ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். பத்திரிகை வைக்க வேண்டும். நூற்றிருபது வீடு.

பத்திரிகை வைப்பது என்றால் கொடுத்துவிட்டு வருவதல்ல. தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம் வைத்து, வீட்டுக்குள் போய் உட்கார வேண்டும். காபியோ கலரோ எதைக் கொடுத்தாலும் குடிக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு எந்த ஊர், என்ன வேலை என்று ஆரம்பித்து, அவர்கள் வீட்டு மூட்டுவலி வரைக்கும் பேச வேண்டும். "குடும்பத்தோட வந்துடணும்" என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். எழுந்த பிறகு வாசலில் நின்று இன்னொரு கால் மணி நேரம். இதில் ஒன்று குறைந்தாலும், "போற போக்குல வீசிட்டுப் போனாங்க" என்று பத்து வருடத்துக்குச் சொல்வார்கள்.

ஓட ஆள் இல்லாமலும் இல்லை. முரளி இருந்தார், ஞாயிற்றுக்கிழமைகளில் சோபாவில். சித்தப்பா மகன் தினேஷ் இருந்தான், ஆவடியில் பைக் மெக்கானிக். எதைச் சொன்னாலும் "நாளைக்குப் பாத்துக்கலாங்க்கா" என்பான். அந்த நாளை இன்னும் வரவில்லை.

இந்த நேரத்தில்தான் எங்கள் கம்பெனியில் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். வேலை வேலையாகவே இருப்பதால்தான் யாரும் செய்வதில்லை, அதை விளையாட்டாக மாற்றுங்கள் என்றாள். புள்ளி கொடுங்கள், போட்டி வையுங்கள், பரிசு அறிவியுங்கள், பிறகு நீங்கள் யாரையும் விரட்டவே வேண்டாம் என்றாள். விரட்டவே வேண்டாம் என்ற அந்த ஒரு வார்த்தையில் நான் கவிழ்ந்துவிட்டேன். எங்கள் பிரிவில் உடனே செய்து பார்த்தோம். தரையைச் சுத்தமாக வைத்திருப்பவர்களுக்கு ஸ்டார் என்று அறிவித்ததும், நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே என் காலடியில் குனிந்து டேப் துண்டு பொறுக்கினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொரட்டூர் வீட்டில் முரளியையும் தினேஷையும் உட்கார வைத்து ஆட்டத்தை அறிவித்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் புள்ளி உண்டு. சுலபமான சொந்தத்துக்குக் குறைவு, கஷ்டமான சொந்தத்துக்கு அதிகம். பத்திரிகை வாங்கியவரை போட்டோ எடுத்து அனுப்பினால்தான் கணக்கில் வரும். பத்து நிமிடத்துக்குள் முடித்தால் ஐந்து புள்ளி கூடுதல். (இந்தக் கடைசி விதிக்காக என்னை என்ன செஞ்சாலும் தகும்.)

பரிசு என்ன என்று கேட்டார்கள். அதை யோசிக்க எனக்கு ஒரு வாரம் ஆகியிருந்தது.

"ஜெயிக்கறவருக்குக் கல்யாணத்தன்னிக்கு யாரும் எந்த வேலையும் சொல்லக்கூடாது. காலையில முதல் பந்தியில உக்காந்து, நிதானமா சாப்பிடலாம்."

முரளி சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என் கல்யாணத்துலயே நான் கடைசிப் பந்திதான். வடை தீந்து போச்சு" என்றார். எங்கள் கல்யாணமாகி அப்போது ஒன்பது வருடம். அந்த வடையை அவர் மறக்கவில்லை.

"அக்கா, சத்தியமா சொல்லு. 'தினேசு, ஐஸ் வாங்கினு வா, தினேசு, கேஸ் தூக்கினு வா'ன்னு ஒருத்தரும் கூப்ட மாட்டீங்களே?"

"மாட்டோம்."

"அப்ப குட்றா அந்தத் தட்ட" என்று என்னிடமே கைநீட்டினான்.

இரண்டு பக்கத்தில் பட்டியல் தயார் செய்து, அடியில் விதிகளை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். பெயர், ஊர், புள்ளி. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் சூப்பர்வைசர். 'குறிப்பு' என்று கடைசியில் ஒரு கட்டம் போட்டேன். கொரட்டூர் சித்தி, பத்து, நாய் உண்டு. பட்டாபிராம் அத்தை, பதினைந்து, ஆபரேஷன் கதை சொல்வார், குறுக்கே கேள்வி கேட்க வேண்டாம். பூந்தமல்லி பெரியப்பா, அறுபது, மூன்று முறை அழைத்தால்தான் அழைத்ததாக அர்த்தம். குத்தம்பாக்கம் மாமா, ஐம்பது, கோபம் வரும், பழைய சண்டைகளை நாள் கிழமையோடு சொல்வார்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "ஏன்டி, உன் மாமனுக்கு நாம ரெண்டு பேரும் நேர்ல போகணும். சாமிக்கு அடுத்த பத்திரிகை அவனுக்குத்தான்."

கன்னியப்பன் மாமா அம்மாவுடன் பிறந்த ஒரே தம்பி. பல தலைமுறையாகக் குத்தம்பாக்கத்தில் விவசாயம். எங்கள் கல்யாணத்தில் அவருக்கும் பூந்தமல்லி பெரியப்பாவுக்கும் யாரை முதலில் மேடைக்கு அழைத்தார்கள் என்பதில் ஆரம்பித்த சண்டை, ஒன்பது வருடமாக நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது. அப்பா காரியத்துக்குப் பிறகு நான் மாமா வீட்டுப் பக்கம் போகவே இல்லை. வேலை, களைப்பு என்று காரணம் வைத்திருந்தேன். போனால் அவர் என்னென்ன கேட்பாரோ என்ற பயமும் இருந்தது.

"யார் வெச்சா என்னம்மா? பத்திரிகை ஒண்ணுதானே" என்றேன்.

ஒரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். ஆட்டம் பிரமாதமாக வேலை செய்தது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நாற்பத்தொரு வீடு. முரளி காலை ஆறு மணிக்கு, யாரும் எழுப்பாமல், குளித்துவிட்டு ஹெல்மெட்டோடு நின்றார். கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. என் போனில் வரிசையாகப் போட்டோ விழுந்துகொண்டே இருந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் பத்திரிகையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஸ்டேஷனில் பெயர்ப் பலகை பிடித்து நிற்பவர்கள் மாதிரி விழித்தார்கள். இரண்டு வருடத்தில் முதல் முறையாக அன்று மத்தியானம் படுத்துத் தூங்கினேன்.

திங்கட்கிழமை போன்கள் ஆரம்பித்தன. கொரட்டூர் சித்திதான் முதலில். "உன் வீட்டுக்காரருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையாடி? காபி கலக்க உள்ள போனேன், வெளிய வந்தா ஆளக் காணோம். நாயை வேற போட்டோ எடுத்துட்டுப் போயிருக்காரு."

பட்டாபிராம் அத்தையிடம் தினேஷ், "ஆபரேசன் மேட்டர் மண்டபத்துல பேசிக்கலாம் அத்தே" என்று சொல்லிவிட்டு ஓடியிருக்கிறான். நான் எல்லோரையும் சமாதானப்படுத்திவிட்டுப் புள்ளியைக் கூட்டிக்கொண்டிருந்தேன். வார நாட்களில் சாயங்காலமும் ஓடி, சனிக்கிழமைக்குள் இருவருமாக எழுபது வீடு முடித்திருந்தார்கள். முரளியைவிட தினேஷ் இரண்டே புள்ளி அதிகம்.

அதனால்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் குத்தம்பாக்கம் கிளம்பினார்கள். அதன் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொன்னதை வைத்துச் சொல்கிறேன்.

மாமா வீட்டு கேட்டுக்கு முன்னால் பைக்கும் ஸ்கூட்டரும் ஒரே நேரத்தில் வந்து நின்றன. இருவர் கையிலும் தட்டு.

"மாமே, நான்தான் மொதல்ல வந்துகிறேன். அம்பது எனக்கு" என்றான் தினேஷ், முரளியிடம்.

"வண்டி நின்னா ஆச்சா? கேட்டைத் தொட்டது யாரு?" என்றார் முரளி. ஒரு தனியார் வங்கியில் உதவி மேலாளர் என்று வெளியில் சொல்லிக்கொள்பவர் இவர்.

சத்தம் கேட்டு மாமா வெளியே வந்தார். "இன்னாடா அம்பது?"

முரளி சட்டென்று தட்டை நீட்டி, "ஒண்ணுமில்ல மாமா, குடும்பத்தோட வந்துடணும், வந்துடணும், வந்துடணும்" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "பத்திரிகையைக் கொஞ்சம் மேல பிடிங்க" என்று போனைத் தூக்கினார். மாமா பத்திரிகையை எடுத்தார். வெற்றிலையையும் எடுத்தார். வெற்றிலைக்கு அடியில் முரளி காற்றில் பறக்காமல் இருக்க மடித்து வைத்திருந்த என் பட்டியலும் சேர்ந்து போய்விட்டது.

"அது இல்ல மாமா, அது வேற" என்று தினேஷ் பாய்ந்தான். அதனாலேயே மாமா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். வாசலில் நின்றபடி, நூற்றிருபது பெயரையும் குறிப்போடு சத்தமாகப் படித்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்து கேட்டார்கள். தன் பெயரை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

"யார் எழுதினது?"

"கலை அக்கா" என்றான் தினேஷ். (ஒரு செகண்டு யோசிச்சிருக்கலாம் பாவி.)

"சரி. எனக்கு அம்பது. அந்தப் பூந்தமல்லிக்காரனுக்கு அறுவதா?"

முரளி காப்பாற்றப் பார்த்தார். "மாமா, இது மரியாதைக்குப் போட்ட புள்ளி இல்ல. யார் கஷ்டமான ஆளோ அவங்களுக்குத்தான் அதிகம்."

"அப்ப அவன் என்னிய விட கஷ்டமான ஆளா?"

"ஆமா மாமா."

"ஒங்க கல்யாணத்துல அவன் இன்னா பண்ட்டான்? மூஞ்சத் தூக்கி வெச்சிகினு ஒக்காந்திருந்தான். பந்திய நிறுத்தினது நானு. எனக்கு அம்பதா?"

எந்தப் பக்கம் திரும்பினாலும் அவமானம் என்று ஆனதும், மாமா பத்திரிகையைத் தட்டில் திருப்பி வைத்தார். பட்டியலை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பத்திரிகை திரும்பி வந்ததைக் கேட்டதும் அம்மா திட்டவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். "சுமதிக்கு யாருடி பட்டம் கட்டுவாங்க?" என்றாள்.

எங்கள் கல்யாணங்களில் பெண்ணை மேடையேற்றுவதற்கு முன் தாய்மாமன் மாலை போட்டு, நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். அப்பா இருந்து, மாமா வராமல் போனால் அது சண்டை. அப்பாவும் இல்லாமல் மாமாவும் வராவிட்டால், அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நிற்க யாருமே இல்லை என்று அர்த்தம். சுமதி, "பரவால்லக்கா, நீ வேணும்னேவா செஞ்ச" என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போனாள். அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அம்மாவும் நானும் பஸ்ஸில் குத்தம்பாக்கம் போனோம். மாமா வாங்க என்றார், காபி கொடுத்தார். நான் மன்னிப்பு கேட்க வாயைத் திறந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எத்தினி ஊட்ல ஒக்காராம ஓடியாந்தானுங்க?"

"எழுபது இருக்கும் மாமா."

"பத்திரிகைய வெச்சிட்டுப் போ. நானும் ஆட்டத்துல கீறேன்."

அடுத்த இரண்டு வாரம் மாமா தன் மொபெட்டில் எழுபது வீட்டுக்கும் போனார். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்தார், கலர் குடித்தார், பட்டாபிராம் அத்தையின் ஆபரேஷனை முழுதாகக் கேட்டார். பூந்தமல்லி பெரியப்பா வீட்டுக்குக்கூட போயிருக்கிறார் (ரெண்டு பேரும் நேருக்கு நேர் பாக்காம, டிவியப் பாத்துப் பேசிக்கிட்டாங்களாம்). போட்டோவுக்குப் பதில் நாற்பது பக்க நோட்டில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி வந்தார். கூட்டிப் பார்த்ததில் முரளியும் தினேஷும் கிட்டவே வரவில்லை. முதல் பரிசு மாமாவுக்கு. பிரச்சினை தீர்ந்தது என்று டைரியில் டிக் போட்டேன்.

கல்யாணத்தன்று காலை ஒன்பதே கால். அம்பத்தூரில் மண்டபம் நிறைந்திருந்தது. சுமதி கூரைப் புடவையில் மேடைக்குக் கீழே நின்றாள். ஐயர் மைக்கில், "பொண்ணுக்குத் தாய்மாமன் வாங்கோ" என்றார். யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். மேளக்காரர் ஒரு சுற்று கூடுதலாக வாசித்துச் சமாளித்தார். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் படியில் இறங்கிச் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடினேன்.

முதல் பந்தியெல்லாம் எப்போதோ முடிந்து மூன்றாவது நடந்துகொண்டிருந்தது. முதல் பந்தியில் உட்கார்ந்த மாமா மட்டும் இன்னும் எழுந்திருக்காமல், முதல் வரிசையில் முதல் இலையில், பொங்கலை நிதானமாக உருட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா! பட்டம் கட்டணும், ஐயர் கூப்பிடறாரு!"

மாமா இடது கையால் சட்டைப் பையிலிருந்து என் பட்டியலை எடுத்து இலை ஓரத்தில் வைத்தார். "இன்னிக்கு எனக்கு யாரும் எந்த வேலையும் சொல்லக்கூடாது. அடியில உன் கையெழுத்து கீது பாரு."

"ஐயோ மாமா, அது வேலை இல்ல."

"அப்ப இன்னா அது?"

என் டைரியில் நாற்பத்தெட்டாவது வேலை: 'பட்டம் – மாமா'. பக்கத்தில் டிக் போட ஒரு கட்டம்.

"ரெண்டு வருசம் ஆச்சி உங்கப்பன் போயி" என்றார் மாமா, இலையைப் பார்த்தபடி. "ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, 'மாமா, இத செஞ்சிக்குடு'ன்னு போன் பண்ணியா? நான் செத்தா பூட்டேன்? மண்டபம் நீ பாத்த, சமையலு நீ பேசின. கடைசில எனக்குப் பத்திரிகை வெக்க ஒரு அரை மணி நேரம் இல்லாம, அம்பது புள்ளிக்கு ஆளு அனுப்புற. கோவம் வரும்னு எழுதிகிற. வராதா?"

மேலே மேளம் மறுபடி ஒரு சுற்று போனது. பரிமாறுகிறவர் வந்து, "அக்கா, இலை போடட்டுங்களா? கேசரி சூடா இருக்கு" என்றார். நான் மாமாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா காரியத்தில்கூட, டீ எல்லோருக்கும் வந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அன்று பட்டுப்புடவையோடு, மூன்றாவது பந்தி மொத்தமும் பார்க்க, ஓவென்று அழுதேன்.

"எனக்கு முடியல மாமா. நீங்க வாங்க மாமா" என்றேன்.

மாமா இலையை மடித்தார். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று எழுந்து கை கழுவப் போனார். போகிற போக்கில் பரிமாறுகிறவரிடம், "இந்தப் பொண்ணுக்கு ஒரு எலை போடுப்பா. எல்லாம் வெச்சி, கூடவே நின்னு சாப்ட வையி. வேல சொல்ல யாருனா வந்தா என்கிட்ட அனுப்பு" என்றார்.

அதனால் என் தங்கைக்கு மாமா பட்டம் கட்டியதை நான் பார்க்கவில்லை. கீழே உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆல்பத்தில் பார்த்தால் பட்டம் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கிறது. சுமதி சிரித்துக்கொண்டிருக்கிறாள். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். பின்னால் முரளியும் தினேஷும் ஆளுக்கொரு ஐஸ் கட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

அந்தப் பட்டியலை மாமா லேமினேட் செய்து, காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறார். வருகிற சொந்தமெல்லாம் தன் பெயரைத் தேடி, குறிப்பைப் படித்து, மாமாவிடம் காபி வாங்கிக் குடித்து என்னைத் திட்டிவிட்டுப் போகிறது. லேமினேட் செய்வதற்கு முன் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார், பால் பாயின்ட் பேனாவில், பெரிய பெரிய எழுத்தில். 'கலைச்செல்வி, திருமுல்லைவாயில். நூறு. ஒதவி கேக்கத் தெரியாது.'

ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வார். "இன்னா கலை, எதுனா வேல கீதா?" என்பார். "ஒண்ணுமில்ல மாமா, நான் பாத்துக்கறேன்" என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிடும். அந்தப் பக்கத்தில் மாமா "நூறு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். நான் டைரியை எடுக்க எழுந்து போவேன்.